இருநூற்றுப் பதினோராம் பாட்டு

எங்கள் சபையில் பரிசுத்த ஆவியானவர் ஆண்கள் பக்கம் மட்டும்தான் வருவார். கூடத்தின் நடுவே ஒரு நடைபாதை. இடது பக்க நாற்காலிகள் அவர்களுக்கு, வலது பக்கம் எங்களுக்கு. இத்தனை வருடங்களில் அவர் அந்தப் பாதையைத் தாண்டி எங்கள் பக்கம் ஓர் எட்டு வைத்ததாக மூப்பர்களுக்குத் தகவல் இல்லை.

சபை கூடுவது ஒரு டயர் கடையின் மாடியில். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, ரப்பர் நாற்றத்துக்கு விடுமுறை கிடையாது. வாத்தியம் எதுவும் இல்லை, சம்பளம் வாங்கும் போதகரும் இல்லை. முன்னால் ஒரு மேசை, அதில் அப்பமும் திராட்சை ரசமும். ஆராதனை வேளையில் எந்தச் சகோதரனுக்கு ஏவுதல் வருகிறதோ அவர் எழுந்து ஜெபம் செய்வார், அல்லது பாட்டுப் புத்தகத்திலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார். உடனே எல்லாரும் அந்தப் பாட்டைப் பாடுவோம். பாடும்போது பெண்களும் வாயைத் திறக்கலாம். முடிந்ததும் மூடிவிட வேண்டும். எண்ணைச் சொல்வதுதான் ஆகாது. ஒரு பெண் எழுந்து "எழுபத்திரண்டு" என்று சொல்லிவிட்டால் அவள் ஆண்களுக்கு உபதேசம் செய்துவிட்டாள் என்று கணக்கு.

ஏவுதல் எங்கே தயாராகிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு காலை, அடுப்படியில். மனைவி முட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு அந்தத் தொண்ணூறாம் பாட்டைச் சொல்லுங்களேன், பாடி எவ்வளவு நாளாச்சு" என்பாள். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து உறுமுவார். இரண்டு மணி நேரம் கழித்து அதே மனுஷர் கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, தேவதூதன் இப்போதுதான் தோளைத் தொட்டுவிட்டுப் போனது போல, "தொண்ணூறு" என்பார். மற்ற ஆண்கள் "ஆமென்" என்று உருகுவார்கள். நான் பக்கத்தில் இருக்கும் அத்தையின் முழங்கையை இடிப்பேன். அவள் சிரிப்பை முக்காட்டுக்குள் இழுத்துக்கொள்வாள்.

எண்ணை யார் சொன்னாலும் பாட்டை எடுத்துக் கொடுப்பது ஒரே ஒருவர்தான், மூத்த மூப்பர். பெண்கள் பக்கத்தில் அவருக்கு ஏணி என்று பெயர். எந்தப் பாட்டையும் உச்சாணியிலிருந்துதான் தொடங்குவார். இரண்டாவது வரியில் ஆண்களுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். மூன்றாவது வரியில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். தன் சுருதியில் ஏதோ கோளாறு என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாட்டு விழும்போதெல்லாம் சபையில் ஆவிக்குரிய உற்சாகம் குறைந்துவிட்டது என்று ஏணி வருத்தப்படுவார்.

என் அத்தை, அதாவது என் அப்பாவின் தங்கை, ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். வண்டி எண்ணையும் பிளாட்பார எண்ணையும் சொல்வதுதான் அவள் உத்தியோகம். அவள் வாயிலிருந்து ஓர் எண் மாறி வந்தால் போதும், பெட்டி படுக்கையோடு ஆயிரம் ஆண்கள் பாலம் ஏறி இறங்குவார்கள். ஓய்வு பெறும் முன் இந்தத் தடத்தில் உள்ள எல்லா ஊர்ப் பெயர்களையும் எண்களையும் அவள் குரலில் பதிவு செய்து வாங்கிக்கொண்டார்கள். இப்போதும் இந்தத் தடத்து நிலையங்களில் எல்லாம் கணினி அதைத்தான் ஒட்டவைத்துப் பேசுகிறது. வாரம் முழுக்க எண் சொல்லி ஊரையே நடத்தியவள், ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறியதும் ஒரு பாட்டின் எண்ணைச் சொல்லத் தகுதியில்லாதவள் ஆகிவிடுவாள். அவளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. ஆகவே ஏவிவிட ஒரு புருஷனும் இல்லை. அவள் கேட்டு ஒரு பாட்டு அந்தக் கூடத்தில் ஒலித்ததே கிடையாது.

அவளுக்குப் பிடித்தது இருநூற்றுப் பதினொன்று. விடியும் முன் கல்லறைக்குத் தைலத்தோடு போன பெண்ணின் பாட்டு. அதை ஆராதனையில் யாரும் சொல்வதில்லை. அது "சகோதரிகள் பாட்டு" என்று ஏணி எப்போதோ ஒதுக்கி வைத்துவிட்டார். சனிக்கிழமைகளில் கூடத்தைப் பெருக்கி, ரசக் கிண்ணங்களைக் கழுவ வரும்போது நாங்கள் பாடுவோம். துடைப்பத்துக்கும் சோப்புத் தண்ணீருக்கும் பாடினால் குற்றமில்லை.

அத்தைக்குத் தொண்டை கட்டியது. சரியாகவில்லை. மருத்துவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, புற்று, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார். திங்கட்கிழமை வெளியூர் ஆஸ்பத்திரியில் அறுவை. உயிர் தப்பும், குரல் தப்பாது.

அதைக் கேட்டு அத்தை அழவில்லை. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், உப்புத்தாள் தேய்ப்பது போன்ற குரலில் சொன்னாள்.

"ஒரே ஒரு ஆசை. இந்த ஞாயித்துக்கிழமை இருநூத்திப் பதினொண்ணு பாடணும்."

"இப்பவே பாடலாம் அத்தை. நானும் வரேன்."

"தனியா எத்தனையோ தடவ பாடிட்டேன். அது கூடிப் பாடறதுக்கு எழுதின பாட்டு. அப்பத்துக்கு முன்னாடி, எல்லாரோடயும் சேர்ந்து ஒரு தடவ. அப்புறம் இதை எடுத்துட்டுப் போகட்டும்" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

 இவ்வளவு காலத்தில் அவள் கேட்ட ஒன்றே ஒன்று, அதற்கும் ஓர் ஆண்பிள்ளையின் வாய் வேண்டியிருக்கிறது. என் கணவரைப் பார்த்தேன். மின்வாரிய அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவர். வீட்டில் பல்லி விழுந்தால் என்னைக் கூப்பிடுகிறவர்.

"நான் சொல்றேன், ஆனா ஏணி..." என்று இழுத்தார். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. விசுவாசி வீட்டில் சொல்லக் கூடாத பழமொழிதான், ஆனால் எங்கள் மூப்பர்களுக்கென்றே யாரோ அளவெடுத்துத் தைத்தது.

சனிக்கிழமை ஏணியின் கடைக்கு நான்தான் போனேன். குளியலறைச் சாமான் கடை. வெள்ளைக் கமோடுகள் வரிசை வரிசையாக, சபை கூடியது போல, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. ஏணி ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மூலையில் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள்.

"பிரதர், திங்கட்கிழமை அத்தைக்கு ஆபரேஷன்."

"கேள்விப்பட்டேன் சிஸ்டர். ஜெபத்துல வச்சிருக்கோம்."

"அதுக்கப்புறம் அவங்களால பேச முடியாது, பாட முடியாது."

"கர்த்தர் இதன் மூலமா ஏதோ பேசறார்."

"கர்த்தர் பேசட்டும் பிரதர். அத்தை பாடணும்னு ஆசைப்படறாங்க. நாளைக்கு இருநூத்திப் பதினொண்ணு. எங்க வீட்டுக்காரர் நம்பர் சொல்லுவார்."

குழாயைக் கீழே வைத்தார். "அது சகோதரிகள் பாட்டாச்சே."

"புத்தகத்துல அப்படிப் போடலையே."

"தைலம் எடுத்துட்டு அழுதுட்டே போனேன்னு ஆம்பளைங்க நின்னு பாடினா நல்லாவா இருக்கும்?"

"போன வாரம் எல்லா ஆம்பளைங்களும் நான் உம் மணவாட்டின்னு பாடினீங்களே. அது நல்லா இருந்துச்சா?"

மூலையில் பேனா நின்றது. ஏணியின் மனைவி தலையை இன்னும் கீழே குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது.

"அதுக்கு ஆவிக்குரிய அர்த்தம் இருக்கு" என்றார் ஏணி, கமோடு ஒன்றின் மூடியைத் தட்டி மூடி. "முன்கூட்டியே பாட்டை முடிவு பண்றது நம்ம முறை இல்ல சிஸ்டர். ஆனா ஒரு சகோதரனுக்கு ஏவுதல் வந்தா தடுக்க நான் யாரு?"

'நீதானய்யா தடுக்கிற ஆள்' என்று நாக்கு நுனி வரை வந்தது. அத்தைக்காக விழுங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை எல்லாருக்கும் முன்னால் தயாராகிவிட்டாள். தொண்டைக்கு வெந்நீர் குடித்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது வரிசையில் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நடைபாதைக்கு அப்பால் என் கணவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய, எங்கள் பக்கத்து ஏவுதல் அப்படித்தான் போய்ச் சேர வேண்டும்.

ஒருவர் ஓர் எண் சொன்னார், பாடினோம். இன்னொருவர் இன்னொன்று. அடுத்து இரண்டாவது மூப்பர் ஜெபிக்க எழுந்தார். அவருக்குத் தலையாட்டி என்று பெயர். ஏணி எது சொன்னாலும், சொல்லி முடிக்கும் முன்பே தலை ஆடத் தொடங்கிவிடும். ஜெபத்தில் ஆண்டவருக்குத் தெரியாத உலகச் செய்திகளை எல்லாம் விவரமாகத் தெரிவித்தார். அதற்குள் அப்பத்தின் மேல் மூடியிருந்த துணியை ஏணி எடுக்கப் போனார். என் கணவர் தன் ஷூவில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். கையாலாகாத மனுஷரைக் கட்டிக்கொண்டதற்கு என்னையே திட்டிக்கொண்டு ஓர் இருமல் விட்டேன். கூடமே திரும்பியது. அவர் துள்ளி எழுந்தார்.

"இ... இருநூத்திப் பதினொண்ணு."

அவர் வாழ்க்கையிலேயே செய்த பெரிய வீரச்செயல் அது, அதை மறுக்கமாட்டேன். பக்கங்கள் புரண்டன. அத்தை புத்தகத்தைத் திறக்கவில்லை, அவளுக்கு எதற்கு? கைகளைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

ஏணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். தலையாட்டியைப் பார்த்தார். தலையாட்டி தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பாட்டின் ராகம் அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. சகோதரிகள் பாட்டு என்று இத்தனை வருடம் ஒதுக்கி வைத்த அறிவாளிகளில் ஒருவர்கூட அதைக் காதால் கேட்டதில்லை, கூடத்தைப் பெருக்க வந்திருந்தால் அல்லவா கேட்டிருப்பார்கள்.

"ராகம் தெரிஞ்ச சகோதரர் யாராவது?" என்று கேட்டார்.

இடது பக்கம் தொண்டைகள் கனைத்தன. வலது பக்கம் அத்தனை பேருக்கும் தெரியும். மடியில் உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடி உட்கார்ந்திருந்தோம், எருமைக் கூட்டம் மாதிரி. அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி எங்கள் மேலும் எனக்கு வந்தது.

ஏணிக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. தெரிந்த வேறொரு ராகத்தை எடுத்து அந்த வார்த்தைகளின் மேல் மாட்டினார், வழக்கம்போல உச்சாணியிலிருந்து. முதல் வரி எப்படியோ ஓடியது. இரண்டாவது வரியில் ராகம் முடிந்துவிட்டது, வார்த்தைகள் மிச்சம் இருந்தன. இன்னும் மேலே ஏறித் திரும்பத் தொடங்கினார். சில ஆண்கள் விசுவாசத்தோடு கூடவே ஏறி, கூடவே விழுந்தார்கள். கடைசியில் இருமி நிறுத்திவிட்டு, குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவராக, புத்தகத்தை மூடினார்.

"இந்தப் பாட்டோட அமைப்பே சரியில்ல. சகோதரர் வேற நம்பர் சொல்லலாம்."

அத்தையின் கோத்த கைகள் பிரிந்தன. அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். நாற்காலி நகர்ந்தது. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அத்தை எழுந்து நின்றாள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் செய்வாளே, அந்தச் சின்னக் கனைப்பு. பிறகு பாடினாள்.

"விடியும் முன்னே வந்தேன் நான் தைலக் குடத்தோடு,
கல்லைப் புரட்ட ஆளில்லை, கண்ணீர் என்னோடு."

குரல் கிழிந்துதான் இருந்தது. ஆனால் சுருதி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, எல்லாருக்கும் எட்டுகிற இடத்தில். இரண்டாவது வரிக்கு நானும் எழுந்து சேர்ந்துகொண்டேன். மூன்றாவது வரியில் எங்கள் பக்கம் முழுக்க எழுந்துவிட்டது. முன் வரிசையில் ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கணீரென்று கேட்டது. யாரென்று பார்த்தால் ஏணியின் மனைவி. அந்த உச்சாணிச் சுருதிக்குப் பக்கத்திலேயே இத்தனை காலம் குடித்தனம் செய்தும் அந்தக் குரல் கெடாமல் இருந்தது எனக்குப் பெரிய அற்புதமாகத் தோன்றியது.

கடைசிச் சரணத்தில் அத்தைக்குக் குரல் நின்றுவிட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நாங்கள் பாடி முடித்தோம். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றாள், கன்னமெல்லாம் நனைந்து. அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் முழுக்க ஆண்கள் சபையிலே வாய்திறவாமல் இருந்தார்கள். ஒன்றும் இடிந்து விழவில்லை. என் கணவர் மட்டும் ராகம் தெரியாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். போகட்டும் என்று அதை மன்னித்தேன்.

அன்று மாலையே மூப்பர்கள் கூடினார்கள். அறுவைக்கு நாங்கள் ரயில் ஏறிக்கொண்டிருந்த வேளையில், ஏணியின் வீட்டில், அவர் மனைவி போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு முடிவெடுத்தார்கள். என்ன முடிவு என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எங்களுக்கு வேறு கவலை இருந்தது.

அறுவை நல்லபடி முடிந்தது. அத்தையின் கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. எழுதி அழிக்க நர்ஸ் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்திருந்தாள். முதல் நாள் அதில் அத்தை எழுதியது, "பசிக்குது."

அந்த வாரக் கடைசியில் ஏணியும் தலையாட்டியும் அவளைப் பார்க்க வந்தார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. கையில் ஆரஞ்சுப் பழம். விழுங்கவே முடியாதவளுக்கு ஆரஞ்சு.

"என்ன பிரதர், இப்படி வேர்த்திருக்கு?" என்றேன்.

"வண்டி ஏறும்போது ஒரே அலைச்சல் சிஸ்டர்" என்றார் ஏணி. "முதல் பிளாட்பாரத்துல நின்னுட்டிருந்தோம். கடைசி நிமிஷத்துல நாலாவதுன்னு மாத்திட்டாங்க. நல்லவேளை, மைக்ல சொன்னது காதுல விழுந்துச்சு. விழுந்தடிச்சு ஓடினோம்."

"ஆமா, ஓடினோம்" என்று தலையாட்டினார் தலையாட்டி.

"மைக்ல யாரு பிரதர் சொன்னது?"

"யாரோ ஒரு பொம்பளை..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். கட்டிலைப் பார்த்தார். அத்தையின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரித்தால் வலிக்கும், கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏணி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த காரியத்துக்கு வந்தார். "சிஸ்டர், அன்னிக்கு சபையில நடந்தது ஒழுங்குக்கு விரோதமானது. பாட்டை நீங்க எடுத்துக் கொடுத்தீங்க. மூப்பர்கள் ஜெபிச்சு ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கோம். தப்பு பண்ணினவங்க சபை நடுவுல எழுந்து நின்னு, தன் வாயால அறிக்கை பண்ணணும். அதுவரைக்கும் அப்பத்துல பங்கு கிடையாது. சகோதரர்களுக்கு எப்பவும் அதுதானே முறை. உங்களுக்கு மட்டும் மாத்த முடியாது."

தலையாட்டி ஆட்டினார்.

எனக்குச் சிரிப்பதா, ஆரஞ்சை எடுத்து எறிவதா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் வாயே இருக்கக் கூடாது என்றார்கள். வாய் போனபின் வந்து, எழுந்து பேசு என்கிறார்கள். கூடி, ஜெபித்து, தேநீர் குடித்து, ரயில் பிடித்து வந்திருக்கிறார்கள், வழியில் ஒருவருக்காவது இது உறைத்திருக்க வேண்டாமா?

"பிரதர், கழுத்துல என்ன இருக்குன்னு பாத்தீங்களா?" என்றேன்.

ஏணி இப்போதுதான் அந்தக் குழாயைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் மனுஷர் சமாளித்தார். "எழுதிக் கொடுக்கட்டும். உங்க வீட்டுக்காரர் வாசிக்கட்டும்."

"நான் வாசிக்க மாட்டேன்" என்றார் என் கணவர், ஜன்னலைப் பார்த்தபடியே. எனக்குக் காதை நம்ப முடியவில்லை.

அத்தை என் கையைத் தட்டி அடக்கினாள். பலகையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள். அறிவிப்பு வாசிக்கும் அதே நிதானத்தோடு, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதினாள். எழுதி முடித்து, இருவருக்கும் தெரியும்படி மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"சபையில் பெண்கள் பேசக் கூடாது, பிரதர்."

தலையாட்டி படித்தார். படித்ததும் பழக்கதோஷத்தில், "ஆமா, ஆமா" என்று நன்றாகத் தலையை ஆட்டினார்.

ஏணி ஆரஞ்சுப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் கதவருகே போகும் முன் அத்தை பலகையைத் தட்டிக் கூப்பிட்டாள். பழைய எழுத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தாள்.

"உங்கள் வண்டி ஐந்தரைக்கு. இங்கேயும் பிளாட்பாரம் மாற்றுவார்கள். நான் சொல்வதைக் கவனமாகக் கேட்டு ஏறுங்கள்."